கேளுங்கள், பேசுவோம்: எவ்வளவுதான் பொறுத்துப்போவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பொறுமையைப் பற்றித்தான். லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) என்பதாலோ, வெயில் ஏறிவிட்டதாலோ தெரியவில்லை.

கேள்வி: அண்ணா, என் மாமியாருக்கு 78 வயது, மறதி நோய். சாப்பிட்டுக் கைகழுவின ஈரம் காய்வதற்குள் "இன்னும் சோறு போடலையா" என்று கேட்கிறார்கள். பக்கத்து வீட்டில் போய் மருமகள் பட்டினி போடுகிறாள் என்கிறார்கள். போன வாரம் பயங்கரமாகக் கத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை (அப்பமும் ரசமும்) எடுக்கவே கூச்சமாக இருந்தது. பொறுமை வர என்ன ஜெபம் செய்ய?
*வாசகி, பாளையங்கோட்டை*

பதில்: ஜெபம் இருக்கட்டும் சகோதரி, ராத்திரி தூங்குகிறீர்களா? எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழே படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்ததையும் ஒன்றும் சொல்லாமல் விட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். உங்களுக்கும் முதல் மருந்து அதுதான்.

அப்புறம், அத்தை உங்கள்மேல் பழி போடுவதாக நினைக்காதீர்கள். இந்த நோயில் ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணம் ஞாபகம் இருக்கும், ஐந்து நிமிடத்துக்கு முந்தைய சாப்பாடு பதியவே பதியாது. சாப்பிடவில்லை என்பது அவர்கள் கணக்கில் உண்மை. "இப்பதானே சாப்பிட்டீங்க" என்று வாதாடினால் உங்களுக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறும். தட்டில் போடும்போதே கொஞ்சம் எடுத்து மூடி வைத்து, கேட்கும்போது இரண்டு வாய் கொடுங்கள், அல்லது ஒரு துண்டு வாழைப்பழம். பழைய கீர்த்தனை ஒன்றின் முதலடியை எடுத்துக்கொடுத்தும் பாருங்கள், மகன் பெயரை மறந்த பல பேர் சரணம் வரைக்கும் தப்பில்லாமல் பாடுகிறார்கள், கேள்வியும் அந்த நேரத்துக்கு அடங்கிப்போகும். நீங்கள் கத்தின வார்த்தை அவர்களுக்கு நினைவிருக்காது, ஆனால் அந்தப் பயம் வெகுநேரம் மனதில் தங்கும். அதனால் மன்னிப்புக் கேளுங்கள், எதற்கு என்று அவர்களுக்குப் புரியாவிட்டாலும் கையைப் பிடித்துக் கேளுங்கள்.

இன்னொன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, அவருடைய அம்மாதானே? காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாக வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயிடம், நீர் ஒருவராய் இதைச் செய்ய முடியாது, தளர்ந்துபோவீர் என்று சொல்லி வேலையைப் பிரித்துக்கொடுக்க வைத்தவர் அவருடைய மாமனார். உங்கள் வீட்டில் அதை நீங்களே சொல்லவேண்டியிருக்கிறது. வாரத்தில் இரண்டு ராத்திரியாவது அவர் பார்க்கட்டும். நற்கருணைக்குக் கூச்சப்படாமல் போங்கள், அது களைத்தவர்களுக்கும்தான்.

கேள்வி: பெயர், ஊர் வேண்டாம். கணவர் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். சபையில் மூத்த அம்மா ஒருவர், "பொறுமையா இரு, பேதுரு சொன்னபடி உன் நடக்கையினாலே அவரை ஆதாயப்படுத்து" என்கிறார். நான் எவ்வளவு காலம் பொறுக்கவேண்டும்?

பதில்: ஒரு நாள்கூட வேண்டாம் அம்மா. அந்த அம்மா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அதே அதிகாரத்தில் (1 பேதுரு 3) இன்னும் கொஞ்சம் கீழே வாசித்திருக்கலாம். மனைவிக்குரிய கனத்தை (மரியாதையை) செய்யுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஜெபத்துக்குத் தடை வரும் என்று புருஷர்களுக்கு ஏழாம் வசனத்தில் எழுதியிருப்பதும் பேதுருதான். அதைக் கல்யாண ஆராதனையில் வாசிப்பதோடு மூடி வைத்துவிடுகிறோம்.

வேதத்தில் பொறுமைக்கு ஆள் தேடினால் தாவீதைப் பாருங்கள். அவரைக் கொல்ல சவுல் ராஜா எறிந்த ஈட்டி சுவரில் பாய்ந்தது, தாவீது அந்த ராத்திரியே தப்பி ஓடிவிட்டார். சவுலின் மனம் மாறட்டும் என்று அதே அறையில் உட்கார்ந்து சுரமண்டலம் வாசித்துக்கொண்டிருக்கவில்லை. பிற்பாடு சவுலைக் கொல்ல இரண்டு தடவை நல்ல சமயம் வாய்த்தும் அவர்மேல் கைபோடவில்லை, அதைத்தான் நான் பொறுமை என்பேன். அதோடு முடியவில்லை. "திரும்பி வா, இனி உனக்குப் பொல்லாங்கு செய்யமாட்டேன்" என்று சவுல் கூப்பிட்டபோது, ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டுத் தாவீது தன் வழியே போனார், அரண்மனைக்குத் திரும்பவில்லை (1 சாமுவேல் 26-ஐ இன்றைக்கே வாசியுங்கள்). மன்னிப்பது வேறு, மறுபடி அதே வீட்டுக்குள் போய் நிற்பது வேறு.

இப்போது செய்யவேண்டியது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் மூலம் மனுக் கொடுக்கலாம், வீடு அவர் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அடிபட்டால் அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி அடிபட்டது என்று உள்ளதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். அவர் குடியை விட சிகிச்சை இருக்கிறது, ஆனால் அதற்கு அவர்தான் போகவேண்டும், உங்கள் முதுகு அதற்கு ஈடு இல்லை. சபை மூப்பர்கள் இதை வாசித்தால், அடுத்த தடவை இப்படி ஒரு சகோதரி வரும்போது வசனத்தை எடுக்குமுன் வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுங்கள்.

கேள்வி: "பொறுமை வேணும்னு மட்டும் ஜெபிக்காதே, உடனே சோதனை வரும்" என்று வாலிபர் கூட்டத்தில் சொல்கிறார்கள். உண்மையா?
*வாசகர், கோவை*

பதில்: தம்பி, அவிநாசி ரோட்டில் ஜெபிக்காதவனுக்கும் சிக்னல் சிவப்புதான். தைரியமாக ஜெபியுங்கள்.

கேள்வி: கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் "கர்த்தர் ஏற்ற வேளையில் தருவார், யோபைப்போல் பொறுமையாயிருங்கள்" என்கிறார்கள். ஒருநாள் ஆண்டவரிடமே கோபமாகப் பேசிவிட்டேன். இது முறுமுறுப்பா, பாவமா?
*வாசகர், திருச்சி*

பதில்: அப்படிச் சொல்கிறவர்கள் யோபின் புத்தகத்தில், எல்லாம் இழந்தும் அவர் பொறுத்துக்கொள்கிற முதல் இரண்டு அதிகாரத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள். மூன்றாவதில் அவர் பிறந்த நாளையே சபிக்கிறார், அதற்கப்புறம் அதிகாரம் அதிகாரமாக ஆண்டவரோடு வழக்காடுகிறார். "யோபின் பொறுமையைக் குறித்துக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்" என்று யாக்கோபு எழுதியது இந்த மனிதரைப் பற்றித்தான். கடைசியில் ஆண்டவர் கோபப்பட்டது அவர்மேல் இல்லை, ஆண்டவருக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல். அந்த நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஆரம்பத்தில் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தது. "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று 13-ஆம் சங்கீதம் கேட்கிறதே, நீங்களும் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். கோபத்தை வைத்துக்கொண்டு ஜெபத்தை நிறுத்தியிருந்தால்தான் எனக்குக் கவலை.

ஒன்று மட்டும். வேதத்தில் பிள்ளையில்லாத அன்னாள் அழுதபோது அவள் கணவர் எல்க்கானா, பத்துக் குமாரரைவிட நான் உனக்கு மேல் இல்லையா என்று கேட்டார். பாசம்தான், ஆனால் அவள் அழுகைக்கு அது பதில் இல்லை. உங்கள் மனைவியிடம் நீங்கள் எதுவும் எடுத்துச் சொல்லவேண்டாம், அவர் பேசட்டும், கேளுங்கள். ஒரு வருடம் ஆகியும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதித்துக்கொள்ளச் சொல்கிறார்கள் மருத்துவர்கள், உங்களுக்கு ஏழாகிவிட்டது. காரணம் ஆணிடம் இருப்பதும் சாதாரணமாக நடப்பதுதான், அதனால் மனைவியை மட்டும் அனுப்பாமல் உங்கள் பெயரிலும் ஒரு சீட்டு போடுங்கள். காத்திருக்கிற காலத்தில் மருத்துவமனைக்குப் போவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், சுவிசேஷம் எழுதிய லூக்கா என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள், அவர் வைத்தியர்.