கால்பந்து வீரர் ஹெசூஸ் நவாஸ் கோல் அதிகம் போட்டவர் இல்லையே, ஸ்பெயினில் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

கோல் கணக்கை வைத்துப் பார்த்தால் நவாஸ் சாதாரண விங்கர்தான், அதாவது ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர். அவருடைய சொத்து வேகமும், வலது ஓரத்தில் கோட்டை ஒட்டி ஓடி, கோல் முன்னே அடித்துக் கொடுக்கும் கிராஸும்.

2003இல் செவியா அணிக்கு ஆட வந்தார். ஊரை விட்டு வெளியே தங்கினாலே அவருக்குக் கடும் பதற்றம் வந்துவிடும். அதனாலேயே தேசிய அணி பக்கம் போகாமல் இருந்து, 2009 நவம்பரில்தான் ஸ்பெயினுக்கு முதல் ஆட்டம் ஆடினார்.

அடுத்த ஆண்டே உலகக் கோப்பை இறுதி. பெட்ரோவுக்குப் பதிலாக இறங்கியவர், கூடுதல் நேரத்தில் தன் பாதி மைதானத்திலிருந்தே பந்தை ஓட்டிக்கொண்டு நெதர்லாந்து ஆட்களைத் தாண்டி வந்தார். அந்த ஓட்டத்தில் பிறந்ததுதான் இனியெஸ்டாவின் 116ஆவது நிமிட கோல். ஹைலைட்ஸ் வீடியோக்களில் பெரும்பாலும் கடைசி ஷாட்டை மட்டும் காட்டுவார்கள். கொஞ்சம் பின்னே தள்ளிப் பாருங்கள்.

2013இல் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். டாட்டன்ஹாமுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 14ஆவது விநாடியில் கோல், அந்த சீசனிலேயே பிரீமியர் லீக் பட்டம். அங்கேயே பயிற்சியாளர் கார்டியோலா பிறகு அவரை ரைட் பேக்காகவும், அதாவது வலது ஓரத் தடுப்பு வீரராகவும், ஆட வைத்தார். 2017இல் செவியா திரும்பிய பிறகு அதுவே நிரந்தர இடமாகிவிட்டது. வயது ஏறிய விங்கருக்கு இது நல்ல ஏற்பாடு, எதிரே ஓட இடம் கிடைக்கும்.

2024 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) அரையிறுதியில் ஸ்பெயினின் வழக்கமான ரைட் பேக் கார்வகாலுக்குத் தடை. பிரான்ஸின் எம்பாப்பேயைத் தடுக்க இறங்கியது 38 வயது நவாஸ்! ஸ்பெயின் 2-1 என்று ஜெயித்தது, பிறகு கோப்பையையும் தூக்கியது. இடுப்பு வலியோடே ஆடியவர், அந்த டிசம்பரில் ஓய்வு பெற்றார். செவியாவுக்கு அதிக ஆட்டங்கள் ஆடியவரும் அவரே.