எஃப்எஸ்எல் புதுப்பித்ததும் கொத்து காணாமல் போனதா? வரம்பைப் பாருங்கள்

பெரும்பாலும் தரவில் கோளாறு இல்லை, மாறியது வரம்புதான். 14 பேரின் மூளை ஸ்கேன்களைச் சேர்த்த குழுப் பகுப்பாய்வில், பழைய எஃப்எஸ்எல் (மூளைப் படங்களை அலசும் மென்பொருள்) காட்டிய கொத்து, அதாவது செயல்பாடு தெரிந்த அடுத்தடுத்த புள்ளிகளின் தொகுப்பு, புதிய பதிப்பில் இல்லை என்கிறீர்கள். எஃப்எஸ்எல்லின் ஃபீட் கருவியில் கொத்துகளை உருவாக்கும் இசட் வரம்பு (ஒரு புள்ளி கொத்தில் சேரத் தாண்ட வேண்டிய புள்ளியியல் மதிப்பு) முன்பு இயல்பாகவே 2.3, இப்போது 3.1. இடைப்பட்ட வோக்சல்கள், அதாவது படத்தின் முப்பரிமாணப் புள்ளிகள், அப்படியே உதிர்ந்துவிடும்.

இதைச் சரிபார்க்க:

1. பழைய, புதிய இரண்டு ஃபீட் கோப்புறைகளிலும் அமைப்புகள் பதிவாகியிருக்கும் டிசைன் கோப்பைத் திறந்து, இசட் வரம்பு வரும் வரியை ஒப்பிடுங்கள்.

2. அப்புறம், வரம்பிடாத இசட் படங்கள் இரண்டையும் எஃப்எஸ்எல்ஐஸ் என்ற படம் பார்க்கும் கருவியில் திறந்து, ஒரே வோக்சலின் மதிப்பைப் பாருங்கள். ஒத்துப்போனால் காரணம் வரம்பு மட்டுமே. வேறுபட்டால் சிக்கல் முந்தைய படிகளில் இருக்கிறது, பதிவுப்பொருத்தத்திலிருந்து (ஒவ்வொருவர் மூளைப் படத்தையும் பொது வார்ப்போடு பொருத்தும் படி) தேடுங்கள்.

தயவுசெய்து காணாமல் போன கொத்தை மீண்டும் வரவைப்பதற்காக 2.3-க்குப் போகாதீர்கள். தளர்வான வரம்பில் கொத்துச் சோதனை பொய்யான முடிவுகளை அதிகம் தருவதை 2016-இல் எக்லுண்ட், நிக்கோல்ஸ், நட்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டினார்கள். மூளையில் இல்லாததை இருப்பதாக எழுதிவிட்டால், அதை நம்பி அடுத்தவர் ஆண்டுக்கணக்கில் உழைப்பார்.

அதற்குப் பதில், தரவை மாற்றி மாற்றிக் கலைத்துச் சோதிக்கும் எஃப்எஸ்எல்லின் ராண்டமைஸ் கருவியை, டிஎஃப்சிஇ தேர்வுடன் (ஒரே வரம்பை நம்பாமல் எல்லா வரம்புகளிலும் கொத்தை எடைபோடும் முறை), 5000 வரிசைமாற்றங்களுக்கு ஓட்டுங்கள். கொத்து வரம்பை நீங்கள் முடிவு செய்யவே வேண்டாம். ஒன்று கவனம்: ஒரே குழுவின் சராசரிக்குக் குறிமாற்றம்தான் நடக்கும், அதாவது ஒவ்வொருவர் மதிப்பின் கூட்டல், கழித்தல் குறியைத் திருப்பிப் பார்ப்பது. 14 பேருக்கு 16,384 வழிகள் உண்டு, அது போதும். 5 பேர் என்றால் வெறும் 32தான். பி மதிப்பு (விளைவே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு வரும் நிகழ்தகவு) 0.03-க்குக் கீழே இறங்கவே இறங்காது.