13 அம்பியர் சொக்கெட்டுக்கு 20 அம்பியர் பிரேக்கர் பொருந்துமா?

கேள்வி: எங்கள் புதிய குசினியில் நான்கு 13 அம்பியர் சொக்கெட்டுகளை ஒரே 20 அம்பியர் பிரேக்கரில் இணைத்திருக்கிறார்கள். சொக்கெட்டைவிடப் பிரேக்கரின் அளவு கூடியிருப்பது ஆபத்தில்லையா? அமெரிக்காவில் உள்ள என் தம்பி, தன் வீட்டில் 20 அம்பியர் பிரேக்கரில் 15 அம்பியர் சொக்கெட்டுகளே உள்ளன என்கிறான்.
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே, ஆயினும் சுவருக்குள் ஓடுவது 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயராக இருக்குமானால் இந்த இணைப்பு தவறில்லை. பிரேக்கர் காப்பது அந்த வயரைத்தான். ஒவ்வொரு சதுர முள் பிளக்கினுள்ளும் தனியாக ஒரு பியூஸ் இருப்பதால், 230 வோல்ற்றில் ஏறத்தாழ 3 கிலோவாற்றுக்கு மேல் ஒரு பிளக்கின் வழியே நெடுநேரம் இழுக்க முடியாது.

அமெரிக்கப் பிளக்குகளில் பொதுவாக அந்தப் பியூஸ் இல்லை. அங்குள்ள 15 அம்பியர் சொக்கெட்டுகளின் உட்பாகங்கள் 20 அம்பியரைக் கடத்தும்படி செய்யப்படுவதால், ஒரே சுற்றில் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 20 அம்பியர் பிரேக்கரை அந்நாட்டு விதி அனுமதிக்கிறது. 20 அம்பியர் சொக்கெட்டை 15 அம்பியர் சுற்றில் பொருத்த அனுமதிப்பதில்லை. அந்த விதியை இங்கே அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

நான் அஞ்சுவது பழைய 15 அம்பியர் உருண்டை முள் சொக்கெட் அதே வயரில் எஞ்சியிருந்தால்தான். அதன் பிளக்கில் பியூஸ் இல்லாததால், அதற்கு 15 அல்லது 16 அம்பியர் பிரேக்கர் தனியாக வேண்டும். இல்லையேல் அதை மாற்றிவிடுங்கள். 2,200 வாற்று கேத்தில், 2,000 வாற்று ஓவன், 700 வாற்று சோற்றுக் குக்கர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் 21 அம்பியரைத் தாண்டும். அவ்வளவு சிறிய மிகைக்கு 20 அம்பியர் பிரேக்கர் ஒரு மணி நேரம் கடந்தும் விழாமல் இருக்கக்கூடும். ஆகவே ஓவனுக்குத் தனிச் சுற்று கேளுங்கள்.

கடலோரத்தில் இருக்கும் உங்களுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உப்புக் காற்றில் சொக்கெட்டின் பித்தளை நாக்குகள் பச்சை படிந்து தளரும்போது, அந்த இடம் மட்டும் சூடேறி உருகத் தொடங்கும். மின்னோட்டம் கூடாததால் பிரேக்கரோ பியூஸோ அதை அறியாது. கேத்தில் கொதித்து முடிந்ததும் பிளக்கைக் கழற்றி முள்ளின் அடிப்பகுதியைப் பாருங்கள். பிளாஸ்ரிக் பழுப்பேறியிருந்தாலோ, பிளக் கைக்குத் தாளாத சூடாக இருந்தாலோ, அந்தச் சொக்கெட்டை அன்றே நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்துத் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு மாற்றுங்கள். பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஏனெனில் கருகிய முள் புதிய சொக்கெட்டையும் கெடுத்துவிடும்.