மாம்பழ ஜாம் லேபிளுக்கு பிரஷ் எழுத்து

கேள்வி: கிருஷ்ணகிரியில் வீட்டிலேயே மாம்பழ ஜாம் போட்டு விற்கிறோம். லேபிளுக்காக, பிரஷ்ஷால் எழுதியது போன்ற ஓர் ஆங்கில ஃபாண்ட் இறக்கினேன். தமிழில் அடித்தால் சாதாரண எழுத்தாகவே வருகிறது. என்ன செய்வது? லேபிள் முழுக்க அதையே போடலாமா?

பதில்: அந்த ஃபாண்டில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருக்கும். தமிழ் அடித்ததும் கணினி தன்னிடம் உள்ள வேறொரு தமிழ் ஃபாண்டை எடுத்துப் போட்டுவிடும்.

இந்த வகையில் பிரபலமான ‘பிரஷ் ஸ்கிரிப்ட்’ 1942-இல் அமெரிக்காவில் ராபர்ட் இ. ஸ்மித் வடிவமைத்தது. எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து, ஒன்றின் வால் அடுத்ததைத் தொடும். அதனால் ஆங்கிலப் பெயரை முழுக்க கேப்பிடல் எழுத்தில் அடிக்காதீர்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியையும் கூட்டாதீர்கள். இணைப்பு அறுந்து, அழகு போய்விடும்.

தமிழுக்கு வருவோம். கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் ‘கவிவாணர்’ என்ற தமிழ்க் கையெழுத்து ஃபாண்ட் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அதில் இருப்பது பேனாவின் ஓட்டம். உங்களுக்கு பிரஷ்ஷின் ஓட்டம்தான் வேண்டுமென்றால், கையால் எழுத வைப்பதே என் சிபாரிசு. ‘மாம்பழம்’ என்று அடித்துப் பாருங்கள்: ம மூன்று முறை வருகிறது. ஃபாண்டில் மூன்றும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும், கையெழுத்து இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். கையால் எழுதினால் கடைசி ம்-இன் வாலை இழுத்து விடலாம், புள்ளியை ஒரே அழுத்தில் வைக்கலாம். ஊரில் போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட் ஒருவரிடம் வெள்ளைத் தாளில், கறுப்பு மையில் பலமுறை எழுதி வாங்குங்கள். மை கொஞ்சம் காய்ந்த பிரஷ்ஷில் எழுதியதுதான் பெரும்பாலும் நன்றாக அமையும். அதை 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி நுணுக்கத்தில்) ஸ்கேன் செய்து, கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் டிரேஸ் செய்தால், அதாவது படத்தைக் கோட்டு வடிவமாக மாற்றினால் போதும்.

லேபிள் முழுக்க வேண்டவே வேண்டாம், பெயருக்கு மட்டும். சின்ன அளவில் தடித்த கோடு சுழிகளை அடைத்து, ண-வும் ன-வும் ஒன்றாகிவிடும். சேர்மானம், எடை, விலை, காலாவதி தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண் எல்லாம் வாங்குபவர் படித்தாக வேண்டியவை. அவற்றுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற நேரான எழுத்தே சரி. அப்புறம், வெள்ளைப் பின்னணியில் பெயரை மாம்பழ மஞ்சளில் போடாதீர்கள். மெல்லிய கோடுகள் காணாமல் போகும். கரும்பச்சை எடுப்பாக இருக்கும்.

இறக்கிய ஆங்கில ஃபாண்டின் உரிமத்தையும் பாருங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், லேபிளுக்குக் காசு கட்டித்தான் வாங்க வேண்டும். அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் ஆக, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். அவர்களிடம் உங்கள் ஃபாண்ட் இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது.