குதிரைக்குட்டிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை குளம்பு சீவுவது?

அந்தியூர்க் குதிரைச் சந்தையில் குட்டி வாங்கியவர்களும், வீட்டுத் தொழுவத்திலேயே குட்டி பிறந்தவர்களும் கேட்ட கேள்விகள் இவை. இருபத்தெட்டு ஆண்டுகளாக லாட வேலை செய்கிறேன். என் கை கண்டதைச் சொல்கிறேன்.

ஐயா, எங்கள் மார்வாரி இனக் குதிரைக்குட்டிக்கு ஏழு வாரம் ஆகிறது. தாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுகிறோம். குட்டிக்கும் அதே கணக்குதானா? (கோபிசெட்டிபாளையம்)

இல்லை தம்பி, குட்டிக்கு நான்கு வாரம். பால்குடிக் குட்டியின் குளம்பு மாதத்துக்குச் சுமார் 15 மி.மீ. வளரும். ஒரு வயதை நெருங்கும்போது அது 12 மி.மீ. அளவுக்குக் குறையும். வளர்ந்த குதிரைக்கு 6 முதல் 10 மி.மீ. தான். தாயின் கணக்கைக் குட்டிக்குப் போட்டால் ஒவ்வொரு முறையும் தாமதமாகத்தான் போய்ச் சேருவீர்கள்.

முதல் சீவல் ஒரு மாதத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் இடையில் நடக்க வேண்டும். உங்கள் குட்டிக்கு இந்த வாரமே ஆளை வரவழையுங்கள். ஆனால் வந்தவர் வெட்டியே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். நான்கு வாரம் என்பது பார்ப்பதற்கான கணக்கு. குட்டியை நடக்க விட்டுப் பார்த்து, நான்கு கால்களையும் தூக்கிப் பார்த்து, அரத்தால் இரண்டு இழுப்பு மட்டும் இழுத்துவிட்டுத் திரும்பிய நாட்கள் எனக்கு ஏராளம். அதுவும் முழு வேலைதான்; அதற்கும் கூலி கொடுங்கள். ஒரு வயதுக்குப் பிறகு நான்கு முதல் ஆறு வாரம், இரண்டு வயது தாண்டினால் ஆறு முதல் எட்டு வாரம் என்று தள்ளிக்கொண்டு போகலாம்.

குட்டி பிறந்த அன்று குளம்பின் அடியில் மஞ்சளாக, மெத்தென்று ஏதோ தொங்கியது. வெட்டிவிடலாமா? (தாராபுரம்)

தொடவே தொடாதீர்கள். வயிற்றுக்குள் உதைக்கும்போது தாயின் கருப்பை கிழிந்துவிடாமல் இருப்பதற்கான உறை அது. குட்டி எழுந்து நடந்தால் ஓரிரு நாளில் தானே தேய்ந்து உதிர்ந்துவிடும்.

இரண்டரை மாதக் குட்டி. முன்னங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கின்றன. குளம்பின் ஒரு பக்கத்தை அதிகம் வெட்டினால் நேராகிவிடும் என்கிறார் லாடக்காரர். செய்யலாமா? (கரூர்)

அவசரப்படாதீர்கள். முதலில் குட்டியின் எதிரே குந்தி உட்கார்ந்து பாருங்கள். முன்னங்கால் முட்டியும் குளம்பும் இரண்டுமே ஒரே அளவுக்கு வெளியே பார்க்கின்றனவா? அப்படியென்றால் கால் முழுவதும் தோளிலிருந்தே திரும்பியிருக்கிறது. குட்டியின் மார்பு ஒடுங்கியிருப்பதால் வருவது இது. மார்பு விரிய விரிய முழங்கை வெளியே தள்ளப்பட்டு, கால் தானாக உள்ளே திரும்பும். இன்று குளம்பை வெட்டி நேராக்கிவிட்டால், ஒன்றரை வயதில் அதே கால் உள்பக்கம் வளைந்து நிற்கும். இப்படிப்பட்ட குட்டிக்கு மட்டமாகச் சீவுவதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது.

முட்டி நேராக முன்னே பார்க்கிறது, குளம்புக்கு மேலே உள்ள கணு மூட்டிலிருந்து கீழே மட்டும் கால் ஒடிந்தாற்போல் வெளியே போகிறது என்றால் கதை வேறு. எலும்பு நீள்வது அதன் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டில்தான். கணு மூட்டுப் பக்கத்துத் தட்டு தன் வேலையில் பெரும்பகுதியை முதல் மூன்று மாதத்துக்குள் முடித்துவிடும். முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள தட்டு இரண்டு ஆண்டுக்கு மேலும் திறந்திருக்கும் என்பதால் அங்கே கோணல் என்றால் அவகாசம் உண்டு. கணுவில் இல்லை. உங்கள் குட்டிக்கு இரண்டரை மாதம் ஆகிவிட்டது. கணுவில் கோணல் தெரிந்தால் நாளைக்கே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். குளம்பை வெட்டுவதா, எவ்வளவு வெட்டுவது என்பதை மருத்துவர் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

தொழில் தொடங்கிய புதிதில், "பால் மறக்கட்டும், பிறகு சீவிக்கொள்ளலாம்" என்று ஒரு குட்டியின் சொந்தக்காரரிடம் நானே சொன்னேன். ஆறு மாதத்தில் போய்ப் பார்த்தபோது கணு கோணலாகவே இறுகிவிட்டிருந்தது. பிறகு எத்தனை முறை அரம் போட்டும் பயனில்லை. அந்தக் குட்டி நொண்டியே வளர்ந்தது. மூன்று மாதம் என்ற கெடுவை நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

எங்கள் ஊர் சரளை நிலம். குளம்பு தானே தேய்ந்துவிடும், சீவவே வேண்டாம் என்கிறார் அப்பா. (காங்கேயம்)

தேயும் என்பது உண்மை. அப்பா சொல்வதில் தவறில்லை. ஆனால் ஒரே சீராகத் தேயுமா என்பதுதான் கேள்வி. வெளி ஓரத்தை ஊன்றி நடக்கும் குட்டிக்கு அந்த ஓரம் மட்டும் கரையும், உள் ஓரம் உயரமாக நிற்கும். அதனால் வெட்டு குறையலாம், பார்ப்பது குறையக் கூடாது. மயிர் முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே அரத்தின் முனையால் மேலோட்டமாக ஒரு கோடு கீறி வையுங்கள். நான்கு வாரம் கழித்து அது எவ்வளவு இறங்கியிருக்கிறது, குளம்பின் மொத்த நீளம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். வளர்ச்சிக்கும் தேய்மானத்துக்கும் உள்ள வித்தியாசம் கையில் கிடைத்துவிடும்.

மூன்று மாதக் குட்டிக்கு ஒரு முன்னங்குளம்பு மட்டும் செங்குத்தாக நிற்கிறது. குதி தரையைத் தொடவில்லை. கொள்ளும் தவிடும் வயிறு நிறையக் கொடுக்கிறோம். (சேலம்)

அம்மா, இதில் குளம்பு பாதி, தீவனம் பாதி. எலும்பு வேகமாக நீள்கிறது, பின்னால் உள்ள தசைநாண் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் குளம்பைப் பின்னுக்கு இழுக்கிறது. மருத்துவரை உடனே அழையுங்கள். குதியைச் சிறிது சிறிதாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இறக்க வேண்டியிருக்கும். ஒரே நாளில் வெட்டித் தரையில் பதிய வைக்க நினைத்தால் தசைநாண் மேலும் இழுபடும். வலியால் குட்டி காலை ஊன்றாது, நோயும் முற்றும்.

தானியத்தை உடனே குறையுங்கள். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. தவிட்டையே நம்பி வளரும் குட்டிக்கு எலும்பு பலவீனமாகும். பசும்புல்லும் குதிரைமசாலும் கொடுங்கள். தாது உப்பை மருத்துவர் சொல்லும் அளவில் சேருங்கள். பாசத்தில்தான் அள்ளிப் போடுகிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் குறைத்தே ஆக வேண்டும்.

ஆடியில் அந்தியூருக்கு ஒரு வயதுக் குட்டியைக் கொண்டு போகிறேன். முதல் நாள் ஒட்ட வெட்டி லாடமும் அடித்துவிட்டால் பார்வையாக இருக்குமே? (பவானி)

வேண்டாம். ஒட்ட வெட்டினால் அடிப்பாகம் மெலிந்து, சந்தை மண்ணில் ஒவ்வொரு கல்லும் குத்தும். வாங்க வருபவர் குட்டி தயங்கி நடப்பதைத்தான் முதலில் கவனிப்பார். பத்து நாள் முன்னதாக அளவாகச் சீவுங்கள். லாடம் இந்த வயதில் தேவையே இல்லை. விரிந்து வளர வேண்டிய குளம்பை ஆணி அடித்து இறுக்குவது பெரிய கெடுதல்.

ஐப்பசி மழையில் குளம்பின் அடியில் கறுப்பாகக் கசிந்து நாறுகிறது. அடிக்கடி சீவினால் சரியாகுமா? (தஞ்சாவூர்)

சீவுவதால் மட்டும் ஆகாது. நிற்கும் இடம் காய வேண்டும். சாணத்தைத் தினம் இரண்டு வேளை அள்ளி, அடியை நாள்தோறும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். தொட்டால் குட்டி காலை இழுக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலைத் தொடவே விடமாட்டேன் என்கிறது. நான்கு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் சீவினோம். (திண்டுக்கல்)

இனி அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஒரு நாளை அது ஆயுளுக்கும் மறக்காது. தாயைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தோளிலிருந்து கீழே கையை வழுக்கிக் கொண்டு வாருங்கள். குளம்பைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி, மூன்று எண்ணுவதற்குள், அது இழுப்பதற்கு முன்பே நீங்களாக இறக்கி வையுங்கள். பக்கவாட்டில் இழுக்காதீர்கள், குட்டியின் மூட்டு வலிக்கும். தினம் காலையும் மாலையும் இதைச் செய்யுங்கள். அடுத்த முறை லாடக்காரர் வருவதற்குள் பழகிவிடும்.