சுவரோரத்து அலை எப்போது வரும்?

கேள்வி: கோவளத்தில் சர்ஃபிங் பழகியவன் நான். ஜனவரியில் வேலை விஷயமாகக் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவுக்கு வருகிறேன். அங்கே துறைமுகச் சுவரை ஒட்டி ஓர் அலை, வருஷத்தில் சில நாள்தான் வருமாமே? ஏன் அப்படி? எனக்குக் கிடைக்குமா?
- வாசகர், சென்னை

பதில்: கிடைக்கலாம் தம்பி. ஆனால் அதை மட்டும் நம்பி பலகையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

அந்த அலைக்கு சாண்ட்ஸ்பிட் என்று பெயர். துறைமுகச் சுவர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. 1920-களின் கடைசியில், ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் வியாபாரக் குடும்பத்துக் கோடீஸ்வரர் மேக்ஸ் ஃப்ளைஷ்மன், தன் உல்லாசப் படகை நிறுத்த இடம் வேண்டுமென்று பணம் கொடுக்க, சுவர் எழும்பியது. முதலில் கரைக்கும் சுவருக்கும் நடுவே திறப்பு விட்டிருந்தார்கள். அதன் வழியே மணல் புகுந்து துறைமுகத்தைத் தூர்த்ததால் 1930-ல் அடைத்துவிட்டார்கள். மணல் சும்மா இருக்குமா? இந்தக் கரையில் அது மேற்கிலிருந்து கிழக்கே நகரும். முதலில் சுவருக்கு மேற்கே லெட்பெட்டர் கடற்கரை பெருத்தது. அது நிரம்பியதும் மணல் சுவரோரமாகவே ஊர்ந்து, முனையைச் சுற்றித் துறைமுக வாயிலில் திட்டாகக் குவிந்தது. கிழக்கே இருந்த கரைகளோ மணல் வராமல் அரித்துப்போயின. உங்கள் ஊரில் துறைமுகம் கட்டியதும் மெரினா அகலமாகி, ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததே, அதே கதைதான்.

அலை உடைவது அந்தத் திட்டின் மேல். திட்டு வளர்ந்தால் படகு போக வழியில்லை என்பதால் வருடா வருடம் தூர்வாரி, மணலைக் குழாய் வழியாகக் கிழக்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். தூர்வாரும் கப்பலைக் கண்டாலே இங்கே சர்ஃபர்கள் முணுமுணுப்பார்கள். என்னைக் கேட்டால் அதில் நியாயமே இல்லை. மீன்பிடிக்கப் போகிறவன் வெளியே போகவேண்டாமா?

சரி, திட்டு மட்டும் இருந்தால் போதாது. இந்தக் கரை தெற்கு பார்த்தது. வடமேற்கிலிருந்து வரும் அலையை பாயிண்ட் கன்செப்ஷன் முனை மறைத்துவிடும், தெற்கிலிருந்து வருவதை சேனல் தீவுகள் தடுத்துவிடும். நடுவில் உள்ள சந்துக்குள் நேர் மேற்கிலிருந்து பெரிய ஸ்வெல், அதாவது தூரத்துப் புயல் கிளப்பிவிடும் அலைவரிசை, நுழையவேண்டும். வட பசிபிக்கில் புயல்கள் உருளும் குளிர்காலத்தில்தான் அது நடக்கும். ஆக, ஜனவரி சரியான மாதம். கடலில் அலையை அளக்கும் மிதவைகளின் தகவலில் திசை மேற்கு, இரண்டு அலைகளுக்கு நடுவே 16 நொடிக்கு மேல் என்று காட்டினால், கடல் வற்றும் நேரம் பார்த்துத் துறைமுகத்துக்குப் போங்கள். ஓதம் ஏறியிருந்தால் சுவர் மேலேயே தண்ணீர் வாரி அடிக்கும், சுவர் மேல் கொடிக்கம்ப வரிசையில் நடக்கிறவர்கள் நனைந்துபோவார்கள்.

முதல் நாள் வேடிக்கை மட்டும் பாருங்கள். ஆழமே இல்லாத மணல் மேல் அலை சட்டென்று எழுந்து, வலப்பக்கமாகச் சுருண்டு ஓடும். அழகுதான். ஆனால் முன்னே போன அலை செங்குத்தான மணலிலும் கல்லிலும் மோதித் திரும்பி, நீங்கள் ஏறியிருக்கும் அலைக்கு அடியில் புகும். பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். மூன்று முறை உலக சாம்பியனான டாம் கரன் வளர்ந்த ஊர் இது. கைதேர்ந்த உள்ளூர்ப் பிள்ளைகளே அங்கே வானத்தில் பறப்பதைப் பார்த்திருக்கிறேன். விழுந்தால் நீரோட்டம் படகு வழிக்குள் இழுக்கும். படகுக்காரர் உங்களைப் பார்த்திருப்பார் என்று நினைக்காதீர்கள், நீங்கள்தான் ஒதுங்கவேண்டும்.

அதனால் முதலில் லெட்பெட்டரில் இறங்கிப் பழகுங்கள், சாதுவான அலை. கை வந்தால் கிழக்கே ரின்கான் இருக்கிறது. அங்கே கூட்டம் அதிகம், உங்கள் முறைக்குக் காத்திருக்கவேண்டும். அப்புறம் ஒன்று: ஜனவரியில் தண்ணீர் 13, 14 டிகிரிதான். கோவளத்து அரைக்கால் சட்டையோடு குதித்துவிடாதீர்கள், உடம்பு முழுக்க மூடிக் குளிர் தாங்கும் வெட்சூட் உடை கடைகளில் வாடகைக்கே கிடைக்கும்.