யூனியன் ஆரம்பித்தால் கம்பெனி ஆந்திராவுக்குப் போய்விடுமா?

கேள்வி: ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. சங்கம் ஆரம்பிக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். "யூனியன் வந்தால் அரசியல் உள்ளே வரும், கம்பெனி ஆந்திராவுக்குப் போய்விடும்" என்கிறார் ஹெச்.ஆர். உண்மையா?

பதில்: முதல் பாதி உண்மை. அரசியல் வரும். இரண்டாம் பாதிக்கு அவரிடம் ஓர் உதாரணம் கேளுங்கள்.

நோக்கியாவைச் சொல்வார். ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பரில் நின்றது வரி வழக்கில் சிக்கி, மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறாமல் போனதால். ஃபோர்டைச் சொல்வார். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று அறிவித்தபோது அவர்களே சொன்ன காரணம், பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இரண்டு இடத்திலும் மூடல் என்று ஆன பிறகு சங்கம், வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுத் தொகையைக் கூட்டிக் கேட்டது.

சங்கமே இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதை அவர் சொல்லமாட்டார். 2021 டிசம்பரில், ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கானின் பெண்கள் விடுதியில் சாப்பாடு விஷமானது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரை அழைத்துப் பேசுவது என்று அரசுக்கும் தெரியவில்லை, கம்பெனிக்கும் தெரியவில்லை. ஆலை திரும்ப ஓட 2022 ஜனவரி ஆனது. அதன் பிறகு வல்லம் வடகாலில், தமிழக அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் 18,720 பேர் தங்கும் விடுதியைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. தொழிலாளி படுக்கும் இடமும் இன்று முதலீட்டுப் பேச்சில் ஓர் அயிட்டம். அதை அந்தப் பட்டியலில் ஏற்றியது அந்த மறியல் என்பது என் கணிப்பு. ("அப்போ ரோட்டை மறிப்பது சரியா?" என்று கீழே வந்து கேட்கப் போகிறவர்களுக்கு: நடந்ததைச் சொன்னேன், சிபாரிசு செய்யவில்லை.)

இனி வேலைக்கு வருவோம். உங்கள் கம்பெனியில் நிரந்தரம் ஒரு 200 பேர், கான்ட்ராக்டும் டிரெயினியும் அதைவிடக் கூட என்று வைத்துக்கொள்கிறேன். அந்த பெல்ட்டில் பெரும்பாலும் அப்படித்தான்.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு, பேச்சுவார்த்தை வேறு. மூன்றையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் தப்பு. பதிவுக்கு ஏழு பேர் கையெழுத்து போதும் என்பார்கள். போதாது. 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் 2001 திருத்தத்திலிருந்து, தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். ஏழு என்பது மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்களின் எண்ணிக்கை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இதே கணக்குதான். உங்கள் 200க்கு 20 பேர். 20 பேரோடு போகாதீர்கள், 60 பேராவது இருக்கட்டும். மனு போட்ட மறுவாரமே சிலரை வேறு யூனிட்டுக்கு மாற்றுவார்கள், சிலர் "எனக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்" என்று எழுதிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் தேதியோடு சந்தா ரசீது, பொதுக்குழுத் தீர்மானம் எழுதிய மினிட் புத்தகம், அதில் வந்தவர்கள் கையெழுத்து, இவை மூன்றும் கையில் இருந்தால் அந்தக் கடிதங்களுக்குப் பதில் சொல்லலாம்.

பெயர் விஷயத்தில் சாம்சங்கைப் பாருங்கள். சுங்குவார்சத்திரம் ஆலைத் தொழிலாளர்கள் 2024 நடுவில் சங்கப் பதிவுக்கு மனு போட்டார்கள். சங்கத்தின் பெயரில் எங்கள் பிராண்டு இருக்கக்கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. 1926 சட்டத்தில் பதிவாளர் பெயரை மாற்றச் சொல்ல இருந்த காரணம் ஒன்றே ஒன்று: ஏற்கெனவே பதிவான இன்னொரு சங்கத்தின் பெயரோடு குழம்பும் என்றால் மட்டும். பிராண்டு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் பதிவாளர் இத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்றும் அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஓட்டை அங்கேதான். ஃபைல் மேசையிலேயே கிடந்தது. செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் ஓடியது. அக்டோபர் 7 அன்று அமைச்சர்கள் முன்னிலையில் வேறொரு தொழிலாளர் குழுவோடு உடன்பாடு என்று அறிவித்தார்கள், போராட்டத்தை நடத்திய சிஐடியு (மார்க்சிஸ்ட் கட்சியின் தொழிற்சங்கம்) ஏற்கவில்லை. 9ஆம் தேதி போலீஸ் வந்து போராட்டப் பந்தலைப் பிரித்தது. அப்போது சிஐடியுவின் தாய்க்கட்சி ஆளுங்கூட்டணியில்! வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், பதிவுச் சான்றிதழ் 2025 ஜனவரி 27 அன்று வந்தது. சம்பள ஒப்பந்தம் அதே ஆண்டு மே மாதம். கம்பெனி ஆந்திராவுக்குப் போகவில்லை, இன்றும் சுங்குவார்சத்திரத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது அங்கீகாரம், அதாவது நிர்வாகம் எந்தச் சங்கத்தோடு பேச வேண்டும் என்பது. தமிழ்நாட்டில் இதற்கென்று கட்டாயச் சட்டம் இருந்ததில்லை. புதுத் தொகுப்பில் இருக்கிறது: ஒன்றுக்கு மேல் சங்கம் இருந்தால், மஸ்டர் ரோலில் (கம்பெனியின் வருகைப் பதிவேட்டில்) இருப்பவர்களில் 51 சதவீதம் வைத்திருக்கும் சங்கமே பேசும் சங்கம். யாருக்கும் அவ்வளவு இல்லையென்றால், 20 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்து ஒரு குழு. "மஸ்டர் ரோல்" என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். கான்ட்ராக்ட் ஆள் கான்ட்ராக்டரின் ரோலில் இருப்பார், உங்கள் ரோலில் இல்லை. அப்ரென்டிஸ் சட்டப்படி தொழிலாளியே இல்லை. மேற்பார்வை வேலையில் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவரும் கணக்கில் வரமாட்டார். சங்கம் வலுவாகும் நேரத்தில் நாலு லைன் லீடர்களுக்குத் திடீரென "எக்ஸிகியூட்டிவ்" பட்டம் கிடைத்தால் இதற்குத்தான். பட்டம் மாறினாலும் பார்க்கும் வேலை மாறவில்லை என்றால் அவர் தொழிலாளிதான். எந்த மிஷினில், எந்த ஷிப்டில் என்று குறித்து வையுங்கள்.

வேலைநிறுத்தம் என்று வந்தால் நாள் கணக்கு பண்ணாமல் இறங்காதீர்கள். நோட்டீஸ் கொடுத்து 14 நாள் ஆகவேண்டும், 60 நாளுக்குள் இறங்கவேண்டும். கேட்கச் சுலபம். ஆனால் நோட்டீஸ் போனதும் அரசின் சமரச அலுவலர் முதல் கூட்டம் போடுவார். போட்ட நிமிடத்திலிருந்து சமரசம் நடப்பதாகக் கணக்கு. அது முடிந்து 7 நாள் வரை இறங்கினால் சட்டவிரோதம். விவகாரம் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போனால், அது நடக்கும்போதும் முடிந்து 60 நாள் வரையும் இறங்கக்கூடாது. ஆக, சட்டப்படி இறங்கக் கிடைக்கும் சந்து மிகக் குறுகலானது. சரி, எல்லாரும் சேர்ந்து லீவு போடலாம் என்றால், பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கேஷுவல் லீவு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து, நோட்டீஸும் நியாயமான காரணமும் இல்லாமல் நின்றால், வேலை ஒப்பந்தத்தில் அப்படி இருக்கும் பட்சத்தில், ஒரே நாள் நின்றாலும் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். இது பழைய சட்டத்திலேயே உண்டு. பலருக்குச் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

அரசியல் பற்றிக் கேட்டீர்கள். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. முதலீட்டாளர் கேட்கிறார்கள் என்பதுதான் அரசு சொன்ன காரணம். கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்பு செய்தன, அன்று ஆளுங்கட்சியாக இருந்த திமுகவின் சொந்த சங்கமான தொமுசவே எதிர்த்தது. மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே 1 அன்று வாபஸ் என்று அன்றைய முதல்வர் அறிவித்தார். உங்கள் ஹெச்.ஆர். பயப்படும் "அரசியல்" இதுதான். அது இல்லாவிட்டால் உங்கள் ஷிப்ட் இன்று எத்தனை மணிக்கு முடியும் என்று அவரிடமே கேட்கலாம்.

இந்த இடத்தில் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். "புதுச் சட்டத்தில் வாரம் நான்கு நாள்தான் வேலை, மூன்று நாள் லீவு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். வாரத்துக்கு 48 மணி நேரம் அப்படியே இருக்கிறது. நாலு நாளில் அதை முடிக்க தினம் 12 மணி நேரம் நிற்கவேண்டும். லீவு எங்கிருந்து வந்தது?

கடைசியாக இரண்டு. நிர்வாகிகளில் வெளியாட்கள் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதுவரைதான். ஒன்பது நிர்வாகி என்றால் மூன்று. மாவட்டத் தலைவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் எண்ணிப் பாருங்கள். சந்தாப் பணத்தை எடுத்து தேர்தல் செலவுக்குக் கொடுக்கவும் முடியாது. அதற்குத் தனி நிதி, தனிக் கணக்கு, இஷ்டப்பட்டவர் மட்டும் தருவது. தரமாட்டேன் என்றவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கக்கூடாது. ஆண்டுக் கணக்கறிக்கையை மறந்தால் பதிவே ரத்தாகலாம், அதனால் பொருளாளராக நன்றாகப் பேசுகிறவரைப் போடாதீர்கள், ரசீதுக் கட்டைத் தொலைக்காதவரைப் போடுங்கள்.